தாதியர் பயிற்சிக்கு யாரை எடுப்பது: இசட் புள்ளி மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

உயர்தரப் பெறுபேறு வந்து ஒரு கிழமைக்கு மேலாகின்றது. என்னுடைய மகள் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கின்றாள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி காணாது, தாதியத்துக்குக் காணும் என்கின்றார்கள். எங்களுடைய ஒழுங்கையில் இருக்கும் ஒருவர், தாதியருக்குப் புள்ளி எதற்கு, மனம் இருந்தால் போதும், ஆளைப் பார்த்தே எடுக்க வேண்டும் என்று வாதாடுகின்றார். என்னுடைய கருத்து நேர்மாறானது. இசட் புள்ளி ஒன்றுதான் எவருடைய முகத்தையும் பாராதது. ஆளைப் பார்த்து எடுக்கத் தொடங்கினால் ஆளைத் தெரிந்தவர்கள்தான் உள்ளே போவார்கள். அனுபவமுள்ளவர்கள் மறுக்க முடியுமானால் மறுக்கட்டும்.

9 ஜூன் 2024, இரவு 9.20

உங்களுடைய கடைசி வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு "ஒன்றுதான்" என்ற சொல்லில் இருக்கின்றது. நான் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்தியசாலை விடுதிகளில் தாதியாகவும் பின்னர் பதினெட்டு ஆண்டுகள் போதனாசிரியையாகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மாணவர் தெரிவுக் குழுவில் ஒருபோதும் இருந்ததில்லை. தெரிவாகி வந்தவர்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவள்.

ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் (புள்ளிகள் பொதுவாகச் சிதறிக் கிடக்கும் அளவு) தள்ளி நிற்கின்றது என்பதை இசட் புள்ளி சொல்கின்றது. மூன்று பாடங்களுக்கும் அவ்வாறு கண்டு சராசரி எடுக்கின்றார்கள். இரசாயனவியல் தாள் ஓர் ஆண்டு கடினமாகவும் உயிரியல் தாள் இலகுவாகவும் அமைந்துவிட்டால் எவருக்கும் அநியாயம் நேரக்கூடாது என்பதற்காக 2001 ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து வந்த ஏற்பாடு அது. அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்கின்றது. புள்ளி கூடிய பிள்ளை முதலாம் ஆண்டின் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் தாள்களைப் பெரிய சிரமமின்றித் தாண்டுவாள் என்பதை நான் தொகுதிக்குத் தொகுதி கண்டிருக்கின்றேன். பிற நாட்டு ஆய்வுகளும் இதனையே சொல்கின்றன: முன்னர் பெற்ற விஞ்ஞானப் பாடப் புள்ளிக்கும் எழுத்துப் பரீட்சைக்கும் தொடர்பு உண்டு, விடுதி வேலைக்கு வரும்போது அத்தொடர்பு மெலிந்துவிடுகின்றது.

ஆனால் "மெலிந்துவிடுகின்றது" என்பதைப் பிடித்துக்கொண்டு உங்களுடைய ஒழுங்கைக்காரர் துள்ள வேண்டாம். வலைப்பந்தாட்ட அணிக்கு உயரமான பிள்ளைகளை மட்டும் எடுத்துவிட்டு, அணிக்குள் உயரத்துக்கும் பந்து போடும் திறமைக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் எப்படியிருக்கும்? குள்ளமானவர்களை எடுத்திருந்தால் தொடர்பு தெரிந்திருக்கும். நாங்களும் உயர்தரத்தில் தேறியவர்களை மட்டும் எடுத்துவிட்டு, அவர்களுக்குள் புள்ளி எதையும் காட்டவில்லை என்று அலுத்துக்கொள்கின்றோம்.

12 ஜூன் 2024

இருவர் என்னிடம், "யார் நல்ல தாதியாக வருவார் என்று நீங்கள் பார்த்தவுடனே கண்டுபிடிப்பீர்களா?" என்று கேட்டிருக்கின்றார்கள். கண்டுபிடிப்பேன் என்று நெடுங்காலம் நம்பினேன். அந்த நம்பிக்கையை ஒரு கொப்பி கெடுத்தது.

ஒரு தொகுதி வந்த முதற் கிழமையிலேயே, பெயர்ப் பட்டியலைப் பிரதி எடுத்து, சிறந்து வருவார்கள் என்று எண்ணியவர்களுக்கு நட்சத்திரக் குறியும் இடையில் போய்விடுவார்கள் என்று எண்ணியவர்களுக்குக் கறுப்புக் குற்றும் இட்டு அலுமாரியில் பூட்டி வைத்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தேன். கறுப்புக் குற்று வாங்கிய ஐவரில் ஒருவரும் போகவில்லை. படிப்பை விட்டுப் போனவர்கள் இருவர். இருவருமே என்னுடைய நட்சத்திரங்கள். ஒருத்திக்குக் கனடாவிலிருந்து சம்பந்தம் வந்தது. மற்றவளுடைய தகப்பன் படுக்கையில் விழுந்துவிட, வீட்டில் தம்பிமாரைப் பார்க்க வேறு ஆள் இருக்கவில்லை. கனடாச் சம்பந்தத்தை முன்கூட்டிச் சொல்லும் பரீட்சையை எந்தத் திணைக்களம் நடத்தும்?

போனவர்களைப் பற்றி நான் பிழைத்தது பெரிய விடயம் இல்லை. யாருக்கு நட்சத்திரம் இட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகின்றது. நிமிர்ந்து நின்றவர்கள், கேள்விக்கு உடனே மறுமொழி சொன்னவர்கள், பட்டணத்துப் பாடசாலைகளில் படித்து ஆங்கிலம் தட்டுத்தடுமாறாமல் பேசியவர்கள். பட்டியலை மறுபடி வாசித்தபோது, பத்தொன்பது வயதில் நான் எப்படி இருந்தேனோ அப்படியிருந்த பிள்ளைகளையே தெரிந்திருந்தேன் என்பது விளங்கியது.

13 ஜூன் 2024

திருத்தம். நேற்று எழுதியதை நினைவிலிருந்து எழுதினேன். இன்று பெட்டியைக் கிளறிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கறுப்புக் குற்று வாங்கியவர்கள் ஐவர் அல்லர், அறுவர். போன இருவரில் நட்சத்திரம் ஒருத்திக்குத்தான் இருக்கின்றது. தகப்பன் நோயுற்ற பிள்ளையின் பெயருக்கு எதிரே எந்தக் குறியும் இல்லை. என்னுடைய பிழையைப் பற்றிய கதையைக்கூட நினைவு தனக்கு வசதியாக மெருகூட்டி வைத்திருக்கின்றது. நாங்கள் எத்தனையோ பேரைத் "தொடக்கத்திலேயே தெரியும்" என்று சொல்வதெல்லாம் இந்த வகையில்தான் சேரும் என்று நினைக்கின்றேன்.

16 ஜூன் 2024

நேர்முகத் தேர்வைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கின்றது, ஏனென்றால் அதனை ஆதரிப்பவர்கள் கூடிவிட்டார்கள்.

1979 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டன் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்று ஏறக்குறைய 800 பேரை நேர்முகம் கண்டு, வரிசைப்படுத்தி, மேலே நின்றவர்களில் இருந்து 150 பேரைச் சேர்த்தது. அதன் பின்னர் மாநிலச் சட்டசபை, இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி சொல்லிவிட்டது. அந்நேரம் மேல் வரிசைக்காரர் எல்லோரும் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், வரிசையின் அடியில் நின்றவர்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பின்னர் இரண்டு கூட்டத்தாரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படிப்பிலும், நோயாளர் விடுதிப் பயிற்சியிலும், பட்டம் பெற்ற பின்னரான முதலாம் ஆண்டு வேலையிலும் வேறுபாடு காணப்படவில்லை. முதலில் அவர்களைப் பிரித்து வைத்ததில் பெரும் பங்கு நேர்முகத்தில் இட்ட புள்ளியினுடையது. மருத்துவ மாணவரைப் பற்றிய செய்தி என்றாலும், நேர்முகம் என்பது தாதியத்துக்கு வந்தவுடன் கூர்மையடைந்துவிடும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. போல் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954 இலேயே, அனுபவசாலியின் கணிப்பையும் நாலைந்து எண்களைச் சேர்த்துக் கூட்டும் எளிய சூத்திரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிக் காட்டினார். சூத்திரம் பெரும்பாலும் அனுபவசாலிக்குச் சமமாக நின்றது, அல்லது அவரை வென்றது. இதை முதன்முதல் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆயினும் நேர்முகத்தை ஒரேயடியாக எறிந்துவிடவும் முடியாது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2004 இல் ஒரு மாற்றுவழியை வெளியிட்டார்கள். விண்ணப்பித்தவரை ஒரு மேசைக்கு முன்னால் அரை மணிநேரம் இருத்தி வைக்காமல், ஏறக்குறைய பத்து அறைகளுக்கூடாகச் சில நிமிடங்கள் வீதம் அனுப்புகின்றார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு சூழ்நிலை, ஒரு தனி மதிப்பீட்டாளர். ஒருவருடைய விருப்பு வெறுப்பு மற்ற ஒன்பது பேருடைய புள்ளிக்குள் கரைந்துவிடுகின்றது. பழைய நேர்முகத்தை விட இது நம்பத்தக்கது என்று பின்னர் பல இடங்களில் கண்டிருக்கின்றார்கள்.

அதே நாள், சற்றுப் பின்னர்

"எங்களுடைய பக்கத்தில் பத்து அறைக்கும் பத்துத் தொலைபேசி அழைப்புப் போகும்" என்று ஒருவர் எழுதியிருக்கின்றார். போகட்டும். பத்துப் பேரைப் பிடிப்பது ஒருவரைப் பிடிப்பதிலும் சிரமமானது.

20 ஜூன் 2024

புளோரன்ஸ் நைற்றிங்கேல் குணத்தைப் பார்த்துத்தானே எடுத்தார் என்ற கேள்விக்கு: ஆம், 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தொடங்கிய பயிற்சிப் பாடசாலையின் முதல் 15 பேரும் நற்சான்றுடன்தான் வந்தார்கள். ஆனால் அதோடு அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஏடு வைத்து, நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் முதலியவற்றை ஒரு பக்கத்திலும் கைவேலைத் திறமையை மறு பக்கத்திலும் மாதந்தோறும் பதிவிக்கச் செய்தார். வாசலில் ஒருமுறை பார்த்ததை அவர் போதுமென்று எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகின்றது.

27 ஜூன் 2024

அமெரிக்காவிலிருக்கும் தன்னுடைய தமக்கை என்கிளெக்ஸ் என்ற தாதியர் உரிமப் பரீட்சைக்கு முன்னர் "நீ சித்தியடைவாயா" என்று கணிக்கும் இன்னொரு பரீட்சை எழுதியதாகவும், அதைப் போல இங்கும் வைத்தால் என்ன என்றும் ஒரு வாசகர் கேட்கின்றார். உரிமப் பரீட்சையே 1994 முதல் கணினி ஆளுக்கேற்பக் கேள்வியை மாற்றிக் கேட்கும் பரீட்சையாக நடக்கின்றது; 2023 இல் வந்த மாற்றத்துக்குப் பின்னர் ஒருவருக்கு 85 கேள்வியோடும் முடியலாம், 150 வரையும் போகலாம். அதற்கு முன்னோட்டமாக வைக்கும் கணிப்புப் பரீட்சைகள் யார் சித்தியடைவார் என்று சொல்வதில் வலுவானவை, யார் தவறுவார் என்று சொல்வதில் அவ்வளவு வலுவில்லாதவை என்பது அங்குள்ள கல்லூரிகளுக்குத் தெரிந்த விடயம். ஏன் அப்படி என்பதைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும்.

ஒரு பேச்சுக்கு, 100 பிள்ளைகளில் 90 பேர் எப்படியும் சித்தியடைவார்கள் என்று வையுங்கள். "எல்லோரும் சித்தி" என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொன்னாலும் 90 தடவை நான் சரி. இப்போது நல்ல பரீட்சை ஒன்று வைத்து, தவறப்போகும் 10 பேரில் 7 பேரைப் பிடித்துவிடுகின்றேன். ஆனால் சித்தியடையப்போகும் 90 பேரில் ஐந்தில் ஒருவரையும், அதாவது 18 பேரையும், தவறுதலாகப் பிடித்துவிடுகின்றேன். என் பட்டியலில் 25 பேர். உண்மையில் தவறப்போகின்றவர்கள் அதில் 7 பேர் மட்டுமே. இந்தப் பட்டியலை வைத்து ஆட்களை வெளியே அனுப்பினால் 18 குடும்பங்களுக்கு அநியாயம். அதே பட்டியலை வைத்து 25 பேருக்கும் பின்னேர வகுப்பு வைத்தால், 18 பேருக்குத் தேவையில்லாத ஒரு வகுப்பு கிடைத்ததைத் தவிர வேறு தீங்கில்லை. கணிப்பு எவ்வளவு கூர்மையானது என்று விவாதிக்கும் நாங்கள், கணித்த பின்னர் என்ன செய்யப் போகின்றோம் என்று கேட்பதேயில்லை.

4 ஜூலை 2024

வீட்டில் நோயாளியைப் பராமரித்த பிள்ளைக்கு மேலதிகப் புள்ளி வழங்க வேண்டும் என்ற யோசனையை முதலில் வாசித்தபோது நானும் தலையாட்டினேன். இங்கிலாந்திலும் இப்படித்தான் யோசித்தார்கள். ஒரு வைத்தியசாலையில் நடந்த பெரும் அலட்சியங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் அறிக்கை 2013 இல் வெளிவந்த பின்னர், விழுமியங்களைப் பார்த்து மாணவரைத் தெரிவு செய்ய வேண்டும், பயிற்சிக்கு முன்னர் பராமரிப்பு வேலை செய்திருக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஆனால் ஸ்கொட்லாந்தில் தாதிய மாணவரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், முன்னர் பராமரிப்பு வேலை செய்திருந்தமைக்கும் படிப்பை முடித்தமைக்கும் தொடர்பு காணப்படவில்லை. இடையில் விலகியவர்களிடம் தொடக்கத்திலேயே குறைந்திருந்தது, மற்றவர்களோடு கூடிப் பழகும் தன்மை.

இதை வாசித்த பின்னர் என்னுடைய பழைய மாணவிகளை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். அம்மம்மாவை நாலு ஆண்டு பராமரித்துவிட்டு வந்த ஒருத்தி நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதில் எங்களுக்கே பாடம் எடுப்பாள். ஆனால் கை கழுவும் ஒழுங்கை அவளுக்குள் ஏற்றுவதற்கு மற்றவர்களுக்குச் செலவழித்ததைப் போல இரண்டு மடங்கு காலம் செலவழிந்தது, ஏனென்றால் அம்மம்மாவுக்கு அது இல்லாமலே எல்லாம் சரியாக நடந்திருந்தது. அனுபவம் சிலவற்றைக் கற்பிக்கின்றது, சிலவற்றை இறுக்கிவிடுகின்றது.

7 ஜூலை 2024

கறுப்புக் குற்று வாங்கிய அறுவரில் ஒருத்தியைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விடுவது சரியில்லை.

வன்னியிலிருந்து வந்தவள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்றோ நான்கோ பாடசாலைகளில் படித்தவள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பிரிப்பதன் நியாயத்தைக் கட்டுரையாக எழுதிப் புரிய வைக்க முடியாதவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரங்களைக் காட்டினால் போதும். வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். முதலாவது உடற்றொழிலியல் தாளில் தவறினாள். என்னுடைய கறுப்புக் குற்று பலிக்கப் போகின்றது என்று நினைத்தேன். சிறிது திருப்தியும் பட்டிருப்பேன் என்றே அஞ்சுகின்றேன்.

இரண்டாம் ஆண்டில் சத்திரசிகிச்சை விடுதியில் இரவுக் கடமை. வயிற்றில் அறுவை செய்த முதியவர் ஒருவர். இரத்த அழுத்தம் ஒழுங்கு, நாடி ஒழுங்கு, உறங்குகின்றார். இவள் மூச்சை எண்ணினாள். ஒரு முழு நிமிடம் எண்ணினாள். 28. மேலே எழுதியிருந்த ஆறு பதிவிலும் 20, 20 என்றே இருந்தது. மூச்சை எண்ணாமல் கண்ணால் மதித்து 18 என்றோ 20 என்றோ எழுதிவிடும் பழக்கம் எங்களுடைய விடுதிகளுக்கு மட்டும் உரியதன்று, உலகெங்கும் அறியப்பட்ட வியாதி. நோயாளி மோசமடைவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சு என்பதும் எல்லோருக்கும் தெரியும். வைத்தியரை எழுப்பச் சொல்லி, விடுதிப் பொறுப்பிலிருந்த தாதி மிஸ்ஸிடம் இரண்டு தடவை போய் நின்றாள். முதற்தடவை ஏச்சு வாங்கினாள். இரண்டாம் தடவை வைத்தியர் வந்தார். முதியவர் வீட்டுக்குப் போனார்.

எந்த நேர்முகத்தில் இது தெரிந்திருக்கும்? எந்த இசட் புள்ளியில்? ஏச்சு வாங்கிய பின்னரும் இரண்டாம் தடவை போய் நிற்பதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை.

9 ஜூலை 2024

ஒருவர், "அப்படியானால் முதற்தாளில் தவறுகின்றவர்களே நல்ல தாதியரா?" என்று கிண்டல் செய்திருக்கின்றார். இல்லை. நான் எழுதியது ஒரு பிள்ளையின் கதை. கதையை வைத்து விதி செய்யக்கூடாது என்பதை ஜூன் 13 ஆம் திகதியே கற்றுக்கொண்டேன். முதற்தாளில் தவறுவது ஆபத்தின் அறிகுறிதான். அவள் தவறியபோது அவளோடு அறையில் இருந்த இருவர் ஒவ்வோர் இரவும் அவளை இருத்திவைத்துப் படிப்பித்தார்கள் என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன கூடிப் பழகும் தன்மை, வாய் பேசாத பிள்ளையிடமும் இருக்கலாம் போலும்.

11 ஆகஸ்ட் 2024

நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் வீடு நிறைய ஆட்கள். தாமதத்துக்கு அதுதான் காரணம்.

எவரும் எழுதாத ஒன்றைச் சொல்கின்றேன். எங்களுடைய பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படிக்கின்றார்கள். பல்கலைக்கழகத்துத் தாதியப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கின்றது. நோயாளியின் தலைமாட்டுக் கோவையும் மருந்து அட்டையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. முதற் பருவத்தில் ஒரு பிள்ளை தவறும்போது அவள் உடற்றொழிலியலில் தவறினாளா, ஆங்கிலத்தில் தவறினாளா என்று நாங்கள் பிரித்துப் பார்ப்பது குறைவு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயில் உடற்கூற்றியலையே தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கியவர். அவருடைய காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அளக்க நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்றை அளக்கும் பரீட்சையை வைத்துக்கொண்டு முன்கணிப்பைப் பற்றிப் பேசுவது வீண்.

என்னைக் கேட்டால், முதல் மூன்று மாதங்களில் பார்க்க வேண்டியவை தெளிவானவை. முதற் பரீட்சையின் புள்ளி. காரணம் சொல்லாமல் வராத நாட்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது ஒவ்வொரு நாளும் தனியே இருப்பவர் யார் என்பது. மூன்றாவதற்குப் பதிவேடு கிடையாது, சாப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். நான் கற்பித்த காலத்தில் அதற்குப் போனது குறைவு.

18 ஆகஸ்ட் 2024

முதலில் கேள்வி கேட்ட தாய் தனிப்பட எழுதி, அனுமதி வரும் வரையான மாதங்களில் மகள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கின்றார். இன்னுமொரு ரியூட்டரிக்கு அனுப்ப வேண்டாம். பின்னக் கணக்கையும் அலகு மாற்றத்தையும் கை பழகட்டும். ஓர் உதாரணம் தருகின்றேன்: 1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணிநேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செற் (சேலைன் ஏற்றும் குழாய்). நிமிடத்துக்கு எத்தனை துளி? 20,000 துளியை 480 நிமிடத்தால் பிரிக்க வேண்டும். பௌதிகவியலில் உயர்ந்த சித்தி பெற்ற பிள்ளைகள்கூட மணிநேரத்தை நிமிடமாக்க மறந்து இதில் இடறி விழுவதைக் கண்டிருக்கின்றேன்.

21 ஆகஸ்ட் 2024

மகளே எழுதியிருக்கின்றாள். இரண்டு விடயங்கள். முதலாவது, மேலேயுள்ள கணக்கில் நான் எல்லாச் செற்றுக்கும் 20 துளி என்பதைப் போல எழுதிவிட்டேனாம். அவளுடைய பெரியம்மா வீட்டில் கிடந்த பொதியில் 60 என்று அச்சடித்திருக்கின்றதாம். அவள் சொல்வது சரி. அது சிறுவர்களுக்கும் அளவாக ஏற்ற வேண்டியவர்களுக்கும் பாவிக்கும் நுண் செற். அதில் மணிநேரத்துக்கு எத்தனை மில்லிலீற்றரோ நிமிடத்துக்கு அத்தனை துளி. பொதியைப் பார்க்காமல் கணக்குச் செய்யக்கூடாது என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது, விடை 41.67 என்று வருகின்றது, முழுமையில்லாத துளியை எப்படி எண்ணுவது மிஸ் என்று கேட்கின்றாள். 42 என்று எடுத்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்து, முதற் கால் நிமிடத்துக்குப் பத்து, அடுத்த கால் நிமிடத்துக்குப் பதினொன்று என்று எண்ண வேண்டும்.